கண்டிராத மலைப் பறவையை வரைவது எப்படி? கீயா ஓவியம் பற்றி ஆலோசனை வேண்டும்

மல்லாவிச் சித்திரக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சித்திரம் கற்பிக்கிறேன். நியூசிலாந்தின் தென்தீவில், கிறைஸ்ட்சேர்ச் நகரில் வாழும் என் அண்ணா, அங்குள்ள நண்பர்கள் சிலர் சேர்ந்து கீயா என்னும் பறவையின் பாதுகாப்புக்கு நிதி திரட்டச் சிறிய ஓவியக் காட்சி ஒன்றை வைக்கப்போவதாகவும், அதற்கு என் கையால் வரைந்த படம் ஒன்று வன்னியிலிருந்து வரவேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். தூரிகையை எடுத்த பிறகுதான் வேலையின் கடினம் புரிந்தது.

கீயா கிளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உயர்மலைப் பிரதேசத்தில் வாழும் ஒரே கிளியினம் என்று அதைச் சொல்கிறார்கள். தென்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் அது காடுகளில் இல்லை. எஞ்சியிருப்பவை 3,000 முதல் 7,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டு, அதை அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் வாசித்து அறிந்தவை. பறவையை நான் கண்டதில்லை, பனியையும் கண்டதில்லை.

இதுவரை இரண்டு படங்கள் நீர்வண்ணத்தில் வரைந்து பார்த்தேன். முதலாவதில் பனிமலைக்கு மேலே சிறகை விரித்துப் பறக்கும் கீயா. சிறகின் அடிப்பக்கத்துச் செம்மஞ்சள் நிறம் நன்றாக வந்தது. ஆனால் பறவை மட்டும், நெல் முற்றும் காலத்தில் நம் வயல்களில் இறங்குகிற பச்சைக்கிளியைக் கொண்டுபோய் வெள்ளைத் துணியில் ஒட்டியது போல இருந்தது. இரண்டாவதில் சிறகை மூடிப் பாறையில் உட்கார வைத்தேன். அதில் பச்சை சேறாகிப் போய், மழையில் நனைந்த பருந்து போலத் தெரிந்தது.

என் கேள்வி இதுதான். அந்த மங்கிய ஒலிவ் பச்சையைக் கலங்காமல் கொண்டுவருவது எப்படி? பனி நிலத்தின் வெளிச்சம் ஒரு பறவையின் உடலில் எப்படி விழும்? இவற்றை விட முக்கியமாக, பாதுகாப்பை எண்ணி வரையும் படத்தில் அந்தப் பறவையை எந்த நிலையில் காட்டுவது? இரண்டு படங்களையும் வகுப்பில் வைத்திருந்தபோது, தரம் 10 மாணவி ஒருத்தி, "ரீச்சர், இது வடிவாக இருக்கிறது, ஆனால் இதற்கு என்ன ஆபத்து என்று படத்தில் தெரியவில்லையே" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து மூன்றாவது தாளில் கை வைக்கவில்லை.

வவுனியா ஓய்வாசிரியர் எழுதியது:

பிள்ளை, உங்கள் இரண்டாவது படத்தில் பச்சை சேறாகியதற்குக் காரணம், குழாயில் வரும் பச்சையை எடுத்து அதை மங்கச் செய்வதற்காகக் கபிலத்தையும் கறுப்பையும் அதனுள்ளேயே கலந்ததாக இருக்கும் என்று நினைக்கிறேன். நாற்பது வருடம் கற்பித்த அனுபவத்தில், பறவை வரைய வரும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான்.

கிளி இறகில் பச்சை எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் வழி தானாகத் திறக்கும். கிளிகளின் பச்சை, பச்சை நிறமியால் வருவதன்று. இறகின் உள்ளே கடற்பஞ்சு போன்ற மிக நுண்ணிய அமைப்பு ஒன்று இருக்கிறது. அது ஒளியைச் சிதறச் செய்து நீலத்தைத் தருகிறது. அந்த நீலத்துக்கு மேலே மஞ்சள் நிறமி படிந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகின்றன. நீர்வண்ணத்திலும் இதையே செய்யலாம். அல்ட்ராமரைன் நீலத்தில் பேர்ன்ட் சியென்னா என்னும் செங்கபில வண்ணத்தைச் சிறிது சேர்த்துக் கிடைக்கும் நீலச் சாம்பலால், உடலின் நிழலும் வெளிச்சமும் முழுவதையும் முதலில் கட்டி முடியுங்கள். அது முற்றாகக் காய்ந்த பின்னர், ஒளி ஊடுருவும் மஞ்சளை மெல்லிய பூச்சாக ஒருமுறை, தேவையானால் இரண்டுமுறை, மேலே இழையுங்கள். மஞ்சள் காவி வேண்டாம். அது அடியிலுள்ளதை மூடிவிடும். இப்படி வரும் பச்சை கலங்காது, ஏனென்றால் நிறங்கள் தட்டில் கலக்கவில்லை, தாளில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன.

அதன்பின் இறகோரங்கள். கீயாவின் உடலில் ஒவ்வொரு இறகுக்கும் கறுப்பு விளிம்பு உண்டு. அதனால்தான் அதன் முதுகு செதில் அடுக்கியது போலத் தெரிகிறது. உங்கள் பறவை பச்சைக்கிளியாகத் தோன்றியதற்கு இந்த விளிம்பு இல்லாததே காரணமாக இருக்கலாம். நம் கிளியின் உடல் வழவழப்பாக ஒரே பச்சையாக இருக்கும். கீயாவின் உடல் அப்படியன்று. தலையில் விளிம்புகளை நெருக்கமாகவும் சிறிதாகவும், முதுகில் அகலமாகவும் இடுங்கள். எல்லா இறகையும் எண்ணி எண்ணி வரைய வேண்டாம்; வெளிச்சம் படும் தோளில் சிலவற்றைத் தெளிவாக வரைந்து, நிழலுக்குள் போகும்போது கரைந்துபோக விடுங்கள். சிறகின் பெரிய இறகுகளில் மங்கிய நீலம் தெரியும். கீழ்முதுகில் செம்மஞ்சள் கலந்த சிவப்பு உண்டு. சிறகை மூடினால் அது பெரும்பாலும் மறைந்துவிடும்.

செம்மஞ்சளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதை உங்கள் மாணவருக்கும் சொல்லலாம். மன்னார்க் கரையில் வந்து இறங்கும் பூநாரைகளின் இளஞ்சிவப்பு, அவை உண்ணும் நுண்ணுயிர்களிலிருந்தும் சிறு உயிரினங்களிலிருந்தும் வருவது. கிளிகளின் மஞ்சளும் சிவப்பும் அப்படி உணவிலிருந்து வருவதில்லை. அவற்றின் உடலே ஆக்கிக்கொள்ளும், கிளிகளுக்கு மட்டுமே உரிய நிறமிகள் அவை. ஆகவே கீயாவின் செம்மஞ்சளைப் பூநாரையின் இளஞ்சிவப்புப் பக்கம் சாய விடாதீர்கள். அது சூடான, தணல் போன்ற நிறம்; அதனூடே மஞ்சள் பட்டைகளும் ஓடும்.

இனிப் பனி வெளிச்சம். நானும் பனியை நேரில் கண்டவனல்ல. ஆனால் ஆனையிறவு உப்பளத்துக்கு ஒருமுறை நண்பகலில் போய், உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்களின் முகத்தைப் பாருங்கள். வெயில் தலைக்கு மேலே இருந்தாலும், நாடியின் அடியும் மூக்கின் அடியும் இருட்டாக இருக்காது. நிலத்திலிருந்து வெளிச்சம் மேலே ஏறி அந்த இடங்களை நிரப்பியிருக்கும். வெண்மையான நிலம் எங்கும் அதையே செய்யும். உங்கள் முதற்படத்துப் பறவை ஒட்டுப் போட்டது போல இருந்ததற்கு, அதன் வயிற்றை வழமைபோல இருட்டாக விட்டிருப்பது காரணமாகலாம். வயிற்றுப் பக்கத்தைக் குளிர்ந்த வெளிச்சத்தால் நிரப்புங்கள். பனியில் விழும் நிழலுக்குச் சாம்பல் போடாமல் நீலம் போடுங்கள்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் நம் பக்கத்தில் தாள் நொடியில் காய்ந்து பூச்சில் கோடு விழும். பெரிய பூச்சுகளை விடியற்காலையில் முடித்துவிடுங்கள்.

எந்த நிலை என்ற கேள்விக்கு என் பதில் விரித்த சிறகுதான். காட்சியில் வருபவரின் கண் முதலில் நிறத்துக்குப் போகும். நின்று பார்க்காத படத்தால் எந்தப் பறவைக்கும் உதவி கிடையாது.

முள்ளியவளையாள் எழுதியது:

தங்கச்சி, நான் முள்ளியவளையில் பிறந்து, பல வருடமாகத் தென்தீவில் வாழ்கிறேன். மலைக்குப் போகும் பழக்கம் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆசிரியர் ஐயா வண்ணத்தைப் பற்றிச் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பறவையின் இருப்பைப் பற்றிச் சில விடயங்களைச் சொல்ல முடியும். நிலை பற்றி ஐயாவோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் அளவு. கீயா ஏறக்குறைய 48 சென்ரிமீற்றர் நீளமானது. எடை ஒரு கிலோவை நெருங்கும். நம் பச்சைக்கிளியின் நீளத்தில் பாதி வால். கீயாவோ கட்டுமஸ்தான உடலும் குட்டை வாலும் கொண்டது. நிலத்தில் அது நடப்பதும் பக்கவாட்டில் துள்ளுவதும், முற்றத்தில் எதையோ கண்டுபிடித்த கோழி மாதிரி இருக்கும். மேலலகு நீண்டு, ஒடுங்கி, கீழ்நோக்கி வளைந்தது. மற்றக் கிளிகளின் தடித்த உருண்டை அலகை வரைந்தால் அது கீயா ஆகாது. ஆணின் அலகு பெண்ணின் அலகைவிட நீளம். இளம் பறவைக்குக் கண்ணைச் சுற்றியும் நாசித் துளையைச் சுற்றியும் மஞ்சள் இருக்கும்; வயது ஏற ஏற அது கறுத்துவிடும். புகைப்படங்களில் பெரும்பாலும் இளம் பறவைகளே அகப்படும், ஏனென்றால் மனிதரிடம் பயமில்லாமல் வருபவை அவைதான். எனவே முதிர்ந்த பறவை ஒன்றை வரைந்துவிட்டுக் கண்ணைச் சுற்றி மஞ்சள் பூசிவிடாதீர்கள். கால்விரல்கள் முன்னே இரண்டு, பின்னே இரண்டு. இதை இங்குள்ளவர்கள் உடனே கவனிப்பார்கள்.

நான் முதன்முதலில் கீயாவைப் பார்த்தது ஆர்தர்ஸ் பாஸ் என்னும் மலைக் கணவாயில். வாகனத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பறவைகள் வந்து கூரையில் ஏறி, கண்ணாடி ஓரத்து ரப்பரை ஒரு தொழிலாளியின் பொறுமையோடு பிடுங்கத் தொடங்கின. பிறகு மேலே எழும்பியபோது, அதுவரை மண்நிறமாக இருந்தவற்றின் சிறகுக்கடியில் அந்தச் செம்மஞ்சள் திடீரென்று தெரிந்தது. "கீ...யா" என்று நீளமாகக் கூவியபடி போயின. இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அந்தக் குரலையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியாது; ஆகவே விரித்த சிறகின் கவர்ச்சி எனக்கும் தெரியும்.

ஆனாலும், உங்கள் மாணவி கேட்டதே சரியான கேள்வி. ஆபத்து வானத்தில் இல்லை. கீயா நிலத்தில் கூடு வைக்கும் பறவை. பாறை இடுக்கிலும், பெரிய மரங்களின் வேருக்கடியில் உள்ள பொந்திலும் அது முட்டையிடுகிறது. கூடு பெரும்பாலும் உச்சிப் பனியில் இல்லை. அதற்குக் கீழேயுள்ள, பாசி படர்ந்த பீச் (beech) என்னும் காட்டு மரங்களின் நடுவே இருக்கிறது. பெண் மூன்று கிழமைக்கு மேல் அடைகாக்கும். குஞ்சுகள் பொந்தை விட்டு வெளியே வர மேலும் மூன்று மாதமளவில் ஆகும். அடைகாக்கும் காலத்தில் ஆண்தான் பெண்ணுக்கு உணவு கொண்டுவந்து கொடுக்கும். பறந்து தப்ப முடியாமல், ஒரே வாசல் உள்ள குகைக்குள் நான்கு மாதமளவு ஒரு குடும்பம் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் இதை எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

அந்த வாசலால் நுழைவது ஸ்டோட் என்ற விலங்கு. கீரி போல மெலிந்த உடல், ஆனால் அதைவிடச் சிறியது. முயல்கள் பெருகிப் புல்லை அழித்தன என்று, அவற்றைக் கொல்வதற்காக 1880களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நியூசிலாந்துப் பறவைகள் வௌவாலைத் தவிர நிலத்துப் பாலூட்டியே இல்லாத தீவுகளில் வளர்ந்தவை. பொந்துக்குள் வரும் வேட்டை விலங்கை எதிர்கொள்ள அவற்றுக்குப் பழக்கமில்லை. பீச் மரங்கள் சில வருடங்களில் ஒரேயடியாக விதை சொரியும். விதையைத் தின்று எலிகள் பெருகும். எலியைத் தின்று ஸ்டோட் பெருகும். விதையும் எலியும் முடிந்த பிறகு அவை கூடுகளைத் தேடிப் போகும். மரம் நன்றாகக் காய்த்த வருடமே பறவைக்குக் கெட்ட காலத்தைக் கொண்டுவருகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து உரோமத்துக்காகக் கொண்டுவந்த பொசம் என்ற மரமேறி விலங்கும், வீட்டிலிருந்து காட்டுக்குப் போன பூனையும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. பொறி வைப்பதும், சில இடங்களில் ஹெலிகொப்டரிலிருந்து நஞ்சு கலந்த இரையைப் போடுவதும் இதற்காகத்தான். அந்த நஞ்சை உண்டு சில கீயாக்களும் இறந்திருக்கின்றன என்பதால் அதுபற்றி இங்கே வாக்குவாதம் ஓயவில்லை. ஸ்டோட்டை அடக்கிய காடுகளில் கூடுகள் கூடுதலாகத் தப்புகின்றன என்பதும் உண்மை.

இன்னொரு ஆபத்து ஈயம். மலைக் குடிசைகளிலும் பழைய வீடுகளிலும் கூரைத் தகரத்தை அறைந்த ஆணிகளுக்கு ஈயத் தலை இருக்கும். புகைபோக்கியைச் சுற்றி மழைநீர் இறங்காமல் ஈயத் தகடு வைத்திருப்பார்கள். ஈயம் மென்மையானது, இனிப்பான சுவை உடையது. எதையும் கடித்துப் பார்க்கும் இந்தப் பறவை அதையும் கடித்து, நஞ்சேறி, மூளையும் உடலும் தளர்ந்து சாகிறது. ஆணிகளைக் கழற்றி வேறு ஆணி போடும் வேலையைத் தொண்டர்கள் வீடு வீடாகச் செய்து வருகிறார்கள். மலைக்கு வருபவர்கள் கீயாவுக்குத் தீனி கொடுக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். தீனி தேடி மனிதர் இருக்கும் இடத்துக்கு வந்தால், வாகனமும் ஈயமும் அங்கேதான் காத்திருக்கின்றன.

ஆகவே, தங்கச்சி, பொந்து வாசலை வரையுங்கள். மங்கிய நிறமுடைய, வேருக்கடியில் உட்கார்ந்திருக்கும் பெண் பறவையை வரையுங்கள். இன்னுமொரு சிறு விடயம். கீயா, தென்தீவின் மாவோரிக் குலமான காய் தாஹு மக்கள் தம் பொக்கிஷமாகக் கருதும் உயிர்களில் ஒன்று; 1998ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. அழகுக்காக மாவோரிக் கோலங்களை ஓரத்தில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அவற்றுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள்.

வவுனிக்குளத்து விவசாயி எழுதியது:

ரீச்சருக்கு வணக்கம். எனக்குச் சித்திரம் தெரியாது. இந்தப் பறவையின் கதையில் ஓரிடத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். அந்த நாட்டுச் செம்மறி வளர்ப்பவர்கள் அதை ஏன் சுட்டார்கள் என்பதே அந்த இடம்.

மலைப்புறங்களைச் செம்மறி மேய்ச்சலுக்குத் திறந்த பிறகு, கீயாக்களில் சில ஆட்டின் முதுகில் ஏறி, தோலைக் கிழித்து, சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பைத் தின்னப் பழகின. காயம் அழுகி ஆடுகள் செத்தன. எல்லாப் பறவையும் இதைச் செய்யவில்லை. ஆனால் பட்டி முழுதும் இரவில் அலறுவதைக் கேட்டவன், எந்தப் பறவை செய்தது என்று பிரித்துப் பார்க்க மாட்டான். அரசாங்கம் தலைக்குக் காசு கொடுத்தது. 1860களில் தொடங்கி நூறு வருடத்துக்கு மேலாக, ஏறக்குறைய 150,000 கீயாக்கள் கொல்லப்பட்டன. 1970இல்தான் ஓரளவு பாதுகாப்பு வந்தது. முழுப் பாதுகாப்பு 1986இல். அப்போதும், தொந்தரவு தரும் தனிப் பறவைகளை அரசின் ஆட்கள் வந்து அகற்றுவார்கள் என்ற ஏற்பாட்டோடுதான் ஆட்டுக்காரர்கள் அதற்கு இணங்கினார்கள்.

எனக்கு அந்த மனிதர்களின் கோபம் விளங்குகிறது. காலபோக நெல் கதிர் தள்ளும் நேரத்தில் மயில் கூட்டமாக இறங்கினால் வரம்போரம் முழுதும் உதிர்ந்து கிடக்கும். சோளத்துக்கும் குரக்கனுக்கும் கிளி வரும். யானை ஒரு இரவு வந்தால் அந்தப் போகமே முடிந்தது. காவல் கொட்டிலில் நித்திரை முழித்திருக்கும்போது, "இந்த உயிர் அழியக் கூடாது" என்று நகரத்திலிருந்து யாராவது சொன்னால் மனம் எரியும். நானும் எரிந்திருக்கிறேன். ஆனால் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. தலைக்குக் காசு கொடுத்த காலத்தில் அந்தப் பறவை தீராது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். மலை முழுதும் கத்திக்கொண்டு திரிந்த பறவை, கூட்டமாக வாகனத்தை உடைக்கும் பறவை, அது எப்படித் தீரும்? கிளியும் மயிலும் தீராது என்று நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உங்கள் படத்தில் அது பாவம் போல முகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அது குறும்பும் பிடிவாதமும் உள்ள பறவை. அந்தக் கண்ணில் அது தெரியட்டும். ஆட்டுக்காரன் பார்த்தாலும், "ஓம், இதுதான் அது" என்று சொல்ல வேண்டும்.

மாங்குளம் மாணவன் எழுதியது:

அக்கா, நான் பேராதனையில் படிக்கிறேன். ஒரு யோசனை மட்டும். நம் நாட்டு மலைகளிலும் அழியும் ஆபத்திலுள்ள பறவை இருக்கிறது. நுவரெலியாப் பக்கத்து மலைக்காட்டு ஓடைகளில் வாழும் இலங்கைச் சீகாரப் பூங்குருவி அவற்றில் ஒன்று. ஆண் கருநீலம், தோளில் பளிச்சிடும் நீலத் திட்டு, பெண் கபிலம். விடியலிலும் மாலை மங்கலிலும் ஓடைக்கரை நிழலில் தெரியும். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. ஹோட்டன் சமவெளியில் ஒரு காலை முழுதும் காத்திருந்து, ஒரே ஒரு தடவை பார்த்தேன். கீயாவோடு இதையும் ஒரே தாளில் வரைந்தால், இரண்டு தீவுகளின் மலைப் பறவைகளும் சேர்ந்து நிற்குமே?

மல்லாவிச் சித்திரக்காரி எழுதியது:

அனைவருக்கும் என் நன்றி. பதில்களை வாசித்து மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், ஏனென்றால் முதலில் வரைந்து பார்க்க விரும்பினேன்.

ஐயா சொன்னபடி ஆனையிறவுக்குப் போனேன். உப்புக் குவியலின் அருகில் ஒரு அம்மாவின் நாடிக்கடியில் அந்த வெளிச்சத்தைக் கண்டேன். பத்து வருடம் அந்த வீதியால் பேருந்தில் போய் வந்தும் காணாதது அது. நீலச் சாம்பல் அடிப்பூச்சும் மேலே மஞ்சளும் மிக நன்றாக வேலை செய்கின்றன. இரண்டு பூச்சுக்கு மேல் போனால் மட்டும் அடிப்பூச்சு கரைந்து எழும்புகிறது. விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடித்துவிடுகிறேன்.

நிலையை ஒருவாறு தீர்மானித்துவிட்டேன். பொந்து வாசல்தான். பாசி படர்ந்த பெரிய வேர். அதன் கீழே இருட்டு. இருட்டுக்குள் பெண் பறவையின் முகமும் அலகும் தோளின் சில இறகுகளும் மட்டும். வாசலுக்கு வெளியே, உணவோடு வந்து இறங்கும் ஆண். இறங்கும் கணமாதலால் அதன் ஒரு சிறகு இன்னும் முழுதாக மூடவில்லை. ஐயா கேட்ட செம்மஞ்சள் அந்த ஒரு சிறகுக்கடியில் இருக்கிறது. அக்கா சொன்ன ஆபத்தைக் காட்ட ஸ்டோட்டை வரைந்து பார்த்தேன். வரைந்ததும் கண் முழுதும் அந்த விலங்குக்கே போனது, பறவைகள் இரண்டும் அலங்காரமாகிவிட்டன. அழித்துவிட்டேன். இப்போது வாசலுக்கு முன்னாலுள்ள ஈர மண்ணில், சிறிய விலங்கின் காலடித் தடம் ஒன்று மட்டும் இருக்கிறது. என் மாணவி அதைத் தானாகவே கண்டுபிடித்து, "இது யாருடைய கால், ரீச்சர்?" என்று கேட்டாள்.

விவசாயி அண்ணா, கண்ணைப் பற்றி நீங்கள் சொன்னதற்காக ஆணின் தலையை நான்கு தடவை வரைந்தேன். எங்கள் வீட்டுச் சேவல் ஒன்று சமையலறை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று பார்க்கும் பார்வை இருக்கிறது. கடைசியில் அதைத்தான் வைத்தேன். மாங்குளத்துத் தம்பி, பூங்குருவியை இந்தத் தாளில் சேர்க்கவில்லை. ஒரு பறவையின் வாழ்வையே ஒரு தாளுக்குள் அடக்குவது கடினமாக இருக்கிறது. அதற்கு வேறு தாள் வேண்டும், அதற்கு முன் நான் அந்த ஓடைக்குப் போகவும் வேண்டும்.

ஈய ஆணியை மறக்கவில்லை. சிறிய தாள் ஒன்றில், உண்மை அளவில், ஈயத் தலை உள்ள ஆணி ஒன்றை மட்டும் தனியாக வரைகிறேன். முகாமில் தகரக் கொட்டிலுக்குள் இருந்த நாட்களில், படுத்தபடி மேலே பார்த்து ஆணிகளை எண்ணியிருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் கறுப்பு வொஷர் இருந்தது. ஆணியின் வடிவம் எனக்குப் புகைப்படம் இல்லாமலே தெரியும்.

இனி அனுப்புவதுதான் மீதி. பெரிய தாள் 60 சென்ரிமீற்றர் அகலம். மரச் சட்டம் போட்டு அனுப்பலாமா?

வவுனியா ஓய்வாசிரியர் எழுதியது:

பிள்ளை, ஒரு சிறகு போதும். நான் சொன்னதைவிட இது நல்லது. இருட்டுக்குத் தனிக் கறுப்பு போடாதீர்கள். அல்ட்ராமரைனும் பேர்ன்ட் சியென்னாவும் கெட்டியாகச் சேர்ந்த இருட்டையே போடுங்கள், அப்போது பெண் பறவையின் உடலும் பொந்தும் ஒரே பொருளால் ஆனவையாக இருக்கும்.

முள்ளியவளையாள் எழுதியது:

தங்கச்சி, சட்டம் போட வேண்டாம். வெளிநாட்டு மரத்தோடும் செடிகொடிப் பொருட்களோடும் பூச்சியும் கிருமியும் வந்துவிடும் என்று இங்கே எல்லையில் மிகக் கடுமையாகச் சோதிப்பார்கள். ஸ்டோட்டையும் பொசத்தையும் உள்ளே விட்டுப் பட்ட பாடு அது. வைக்கோல், ஓலை, பனையோலைப் பெட்டி எதுவும் பொதிக்குள் இருக்கக் கூடாது. படம் நன்றாகக் காய்ந்த பின், அமிலமில்லாத மெல்லிய தாளை மேலே வைத்து, இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்து, ஈரம் புகாதபடி பொலித்தீனால் முழுதும் சுற்றுங்கள். பொதியின் வெளியே, கையால் வரைந்த நீர்வண்ண ஓவியம், தாள் மட்டும் என்று தெளிவாக எழுதுங்கள். ஆணிப் படத்தையும் அதே அட்டைக்குள் வைக்கலாம். சட்டத்தை உங்கள் அண்ணா இங்கேயே போடுவிக்கட்டும். காட்சி நாள் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். பிள்ளைகளோடு நானும் போவேன்.